எதிர்த்துப் பேச ஆளில்லை

கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் கேரம் ஆடுகிறவர்களில், வாய்ச்சண்டைக்கென்றே பிறந்தவர் ராதாகிருஷ்ணன். லோரி ஓட்டுநர். ஒரு காய்க்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார். அதெல்லாம் போன வருஷத்துக் கதை. காதில் யாரோ பேசுவதாகச் சொல்லிக்கொண்டு மூன்று நாள் தூங்காமல் திரிந்து, மருத்துவமனையில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு, அவரோடு யாரும் சண்டை போடுவதில்லை.

மருந்தில் குரல்கள் அடங்கிவிட்டன. கூடவே மனிதர்களும் அடங்கிவிட்டார்கள், அதுதான் கொடுமை. வெயில் மண்டையைப் பிளக்கும்போது, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். ஆமாம் அண்ணே, வரும் என்று மூன்று பேர் தலையாட்டினார்கள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் வீட்டையே இரண்டாக்கும் மனைவி குமுதா, இப்போது சத்தமில்லாமல் எடுத்துக் காயப்போடுகிறாள். கட்டினவளிடம் ஒரு வசவுக்கு ஏங்கும் நிலைமை எந்தப் புருஷனுக்கும் வரக்கூடாது.

அன்றைக்கு எதிரே உட்கார்ந்தவன் ராசிக். அந்த வாரம்தான் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தவன், இவர் கதை தெரியாதவன். ராதாகிருஷ்ணன் வேண்டுமென்றே, எல்லோரும் பார்க்க, ஓரத்தில் கிடந்த காயைச் சுண்டுவிரலால் குழிக்குள் தள்ளினார். பக்கத்தில் நின்ற கமலநாதன், இருபது வருஷக் கூட்டாளி, சட்டென்று சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன லா அண்ணே, கையால தள்றீங்க? காய எடுத்து வைங்க," என்றான் ராசிக்.

ராதாகிருஷ்ணனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. "யாரு தள்ளுனா? உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று பழைய குரலில் பாய்ந்தார்.

"நல்லாவே தெரியுது. நீங்கதான் கள்ளாட்டம் ஆடுறீங்க."

இப்படி ஒருவன் முகத்துக்கு நேரே பேசி எத்தனை மாதம் ஆயிற்று. இந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நேரம் நீளாதா என்று அவருக்கு ஆசையாக இருந்தது.

அதற்குள் கமலநாதன் ராசிக்கின் தோளைத் தொட்டு, ஓரமாக அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னார். திரும்பி வந்தவன் பலகையைத்தான் பார்த்தான். ராதாகிருஷ்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாரிண்ணே. நான்தான் சரியாப் பாக்கல. நீங்களே ஆடுங்க."

ராதாகிருஷ்ணன் குழிக்குள் கைவிட்டுக் காயை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தார். கமலநாதன் பக்கம் திரும்பினார்.

"நாதா, நான் ஏமாத்துனேன்டா. நீ பாத்தே. ஒரு வார்த்தை என்னைத் திட்டுடா."

கமலநாதன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "சரிடா, சரி," என்றார் அன்பாக. "மாத்திரை போட்டியா?"