லால்பேட்டைக்கு முன்னாடி

1

2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை மாலை 5.40 மணிக்குச் சிதம்பரம் மேல வீதியில் மின்சாரம் நின்றது.

இந்தக் கதை அந்த நிமிடத்தில் பிறந்தது. ஞாயிறுதோறும் நான் வட்டுப் போட்டுப் படம் காட்டும் மாடி அறையில் பதினோரு பேர் பழைய செக் நாட்டு நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். வக்கீல் ஒருவரிடம் வேலை செய்யும் கிறுக்குக் குமாஸ்தாவைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். [பெயரைச் சொல்லப்போவதில்லை. தேடிப் பிடித்து முடிவைப் பார்த்துவிடுவீர்கள். அது எனக்கு இடைஞ்சல்.] வக்கீல் கோபத்தில் கதவைக் காட்டினார், குமாஸ்தா தொப்பியை எடுத்தார், திரை இருண்டது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி.

எல்லாரும் இறங்கிப் போன பிறகும் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெயர் தில்லைநாதன், வயது ஐம்பத்தொன்று. உண்மையிலேயே வக்கீல் குமாஸ்தா.

"கரண்ட் வராதுங்களா?"

"ஏழு மணி ஆயிடும்."

"அந்தாளுக்கு வேலை போச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

நானும் அந்தப் படத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "போகல" என்றேன்.

2

தொடக்க வரியை நான்கு முறை மாற்றினேன். "தில்லைநாதனுக்கு ஒரு வியாதி இருந்தது" என்று எழுதி அடித்தேன். வியாதி இல்லை அது. "கோர்ட்டில் ஒரு பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள்." இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

கோர்ட் சேவகரான டவாலி வாசலில் நின்று கூப்பிடுவார். மூன்றாவது தடவையும் ஆள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி. அந்த ஆள் இல்லாமலே வழக்கு முடிந்துவிடும். தில்லைநாதனால் மூன்றாவது கூப்பாட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியாது. யார் பெயராக இருந்தாலும், "வந்துகிட்டே இருக்காங்கய்யா" என்று குரல் கொடுத்துவிடுவார். பத்தொன்பது வருடமாக அது அங்கே ஒரு வேடிக்கை. டீ சொல்லிவிட்டு யாராவது காணாமல் போனால், "தில்ல, கொஞ்சம் குரல் குடுப்பா" என்பார் டீக்கடைக்காரர்.

படத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கூப்பிட்ட பெயர் அஞ்சம்மாள். குமராட்சிக்காரர். வயலுக்குப் போகும் வண்டிப்பாதைத் தகராறு. அவர்மேல் வழக்குப் போட்டவர் கொளஞ்சியப்பன். கொளஞ்சியப்பனின் வக்கீல் லூர்துசாமி. லூர்துசாமியின் குமாஸ்தாதான் தில்லைநாதன்.

"மினி பஸ்ஸுங்கய்யா. வந்துகிட்டே இருக்காங்க."

நீதிபதி வழக்கைக் கடைசிக்குத் தள்ளினார். பன்னிரண்டே காலுக்கு, சம்மனைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு, அஞ்சம்மாள் வந்தே விட்டார். மினி பஸ் நிஜமாகவே வழியில் நின்றுபோயிருந்தது. தில்லைநாதனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவரை வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லி, திங்கட்கிழமைக்கு வாய்தா போட்டார்கள்.

வராந்தாவில் கொளஞ்சியப்பன் குதித்தார். "இவர வச்சிகிட்டு எதுக்கு சார் எதிரிக்குத் தனியா ஒரு வக்கீலு?"

லூர்துசாமி குரலை உயர்த்தவில்லை. "யோவ் தில்ல, நீ எனக்குக் குமாஸ்தாவா, ஊருக்கே குமாஸ்தாவா? திங்கக்கெழம வந்து ஆபீஸ் சாவியக் குடுத்துட்டுப் போயிடு."

எதிர்த்தரப்புக்குக் குரல் கொடுத்தவரை வேறெந்த வக்கீலும் சேர்க்க மாட்டார். மனைவி மகேஸ்வரியிடம் தில்லைநாதன் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் படத்துக்கு வந்திருந்தார்.

3

ஏன் அப்படிக் குரல் கொடுக்கிறார்? காரணம் இல்லாமல் இவர் காகிதத்தில் நிற்க மாட்டார் என்று நினைத்து எழுதினேன்:

[2004 டிசம்பர் கடைசி வாரம், தேவனாம்பட்டினம். காணாமல் போனவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். கூட்டத்தில் நின்ற தில்லைநாதன்—]

பிற்பாடு அவரிடமே கேட்டேன். "சுனாமி அப்பவா? நான் திருப்பதில க்யூவுல நின்னுகிட்டிருந்தேன்."

"அப்ப ஏன்?"

"கூப்புடுறாங்க. யாரும் பதில் சொல்லலன்னா ஒரு மாதிரியா இருக்குதுங்க. அவ்ளோதான்."

தேவனாம்பட்டினத்தில் நின்றது நான். செய்தி எடுக்கப் போயிருந்தேன். என்னுடையதை அவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

4

முடிவுகள்.

அடுத்த வாய்தாவில் கொள்ளிடத்தில் வெள்ளம், கொளஞ்சியப்பன் வரவில்லை, மூன்றாவது கூப்பாட்டுக்கு அஞ்சம்மாள் குரல் கொடுக்கிறார். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இன்னொன்று: சாவியைக் கொடுத்துவிட்டு தில்லைநாதன் கடலூர் பஸ் ஏறி— ஏறி எங்கே போவார்? விட்டுவிட்டேன்.

நடந்தது இது. லூர்துசாமியிடமும் சரிபார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை எட்டரைக்குத் தில்லைநாதன் சாவியை மேசைமேல் வைத்தார். லூர்துசாமி நிமிரவில்லை. தில்லைநாதன் எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம சினிமாவுல அந்தாளு தப்பிச்சிட்டானாம்" என்று டீக்கடைக்காரரிடம் ஒரு தடவை சொன்னார். பத்து மணிக்கு லூர்துசாமியே தெருவைக் கடந்து வந்தார். கையெல்லாம் தூசி.

"குமராட்சி கேஸ் கட்ட எங்கய்யா வச்ச? நம்பர்படி பாத்துட்டேன், வருஷப்படி பாத்துட்டேன்."

"லால்பேட்டைக்கு முன்னாடிங்கய்யா."

"என்னது?"

"பஸ்ஸு போற வரிசைங்கய்யா. காட்டுமன்னார்கோயில் ரூட்டு மேல் தட்டு. குமராட்சி தாண்டித்தான லால்பேட்ட?"

"பத்தொம்பது வருஷமாவா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப காடாம்புலியூரு?"

"அது பண்ருட்டில மாறி ஏறணும். பீரோவுல தனியா இருக்கு."

லூர்துசாமி கையைத் தட்டித் தூசியை உதிர்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தார். "இனிமே கோர்ட்டுல வாயத் தொறந்த, தெரியும் சேதி."

"சரிங்கய்யா."

தில்லைநாதன் அப்போதுதான் டீயைக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது, இன்னொன்று சொன்னார். இதைக் கேட்டபோது எனக்கும் மூச்சு வந்தது, பொய் சொன்னவன் என்ற முறையில்.

5

அந்தப் படத்தின் வட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தை நான் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பதினொன்றரைக்குக் கோர்ட்டில் வேறொரு வழக்கில் ஒரு பெயரை மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். லூர்துசாமி பக்கத்திலேயே நின்றார். தில்லைநாதன் என்ன செய்தார் என்பதை உங்களிடம் விடுகிறேன்.

வண்டிப்பாதை வழக்கு 2012 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தது. சமரசப் பத்திரக் கட்டு லால்பேட்டைக்கு முன்னாடி இருக்கிறது.