செப்டம்பர் மாதத்து டீசல்

மாண்ட்ரியலின் கிழக்கு ஓரத்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்த பக்கத்தில், ஓர் எரிபொருள் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். டீசலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்து, எந்த இடத்தில் அது மங்கத் தொடங்குகிறது என்று குனிந்து பார்ப்பதுதான் என் வேலை. டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. வெயில் நாளில் அது கண்ணுக்குத் தெரியாது. குளிர் ஏற ஏற, குப்பியின் அடியில் மூச்சுக்காற்று பட்டது போல வெண்மை படரும். இன்னும் சில டிகிரி இறங்கினால் கூழாகிவிடும். கூழ் ஃபில்டரைத் தாண்டிப் போகாது. வண்டி நின்றுவிடும்.

என் மனைவி அனுசூயாவுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. 1967இல் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். முதல் நவம்பரில், ஜன்னலோரம் வைத்திருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து என்னிடம் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"இதைத்தானே உங்க ஆபீஸ்ல தினம் பாக்கறேள்? இதுக்கா டாக்டர் பட்டம் குடுத்தா?"

அன்றிலிருந்து அந்த பாட்டில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில், தரையில் இடம் பிடித்துக்கொண்டது.

1970இல் ஒரு பழைய ஜெர்மன் டீசல் கார் வாங்கினேன். வேலைக்குத் தகுந்த வண்டி என்று எனக்கு ஒரு பெருமை. அந்தக் குளிர்காலத்திலேயே அது இரண்டு முறை என்னை நடுத்தெருவில் நிறுத்தியது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சுற்றறிக்கை எழுதுபவன் நான். நாலு பங்குக்கு ஒரு பங்கு, குளிர் வருவதற்கு முன்பே. மெழுகு பிரிந்த பிறகு ஊற்றினால் பிரயோஜனமில்லை, மண்ணெண்ணெய் அதைத் திரும்பக் கரைக்காது. சுற்றறிக்கையில் எல்லாம் சரியாக எழுதியிருந்தேன். என் காருக்கு மட்டும் டிசம்பர் வரை மறந்துபோனேன்.

அடுத்த வருடம் அனுசூயா அதற்கு ஒரு நாள் குறித்தாள். தீபாவளி. அக்டோபரிலோ நவம்பரிலோ எப்படியும் வந்துவிடும், மறக்கவும் முடியாது. காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, தலை காய்வதற்குள் மண்ணெண்ணெய் டின்னைக் கையில் கொடுத்துக் கீழே அனுப்பிவிடுவாள். அதே நேரத்துக்குத் தொலைபேசி மணி அடிக்கும். அடிப்பது கோவிந்தராஜன். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த என் சிநேகிதன்.

"என்ன அனுசூயா, கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"எங்களுக்கு ஆச்சு. காருக்குத்தான் இன்னும் ஆகலை. அவர் டின்னைத் தூக்கிண்டு கீழே போயிருக்கார்."

"காருக்குப் புதுத்துணி உண்டோ?"

"ஏன் இல்லாம? நாலு பனி டயர் வாங்கியாச்சு. உங்காத்துக்காரிக்கு என்ன வாங்கினேள், அதைச் சொல்லுங்கோ."

இரண்டு தீபாவளிகள் இப்படி நடந்தன. அந்த இரண்டு குளிர்காலங்களிலும் கார் ஒரு நாளும் நின்றதில்லை.

1973 கோடையில் அனுசூயா ஆஸ்பத்திரியில் படுத்தாள். இரண்டரை மாதம். தினமும் காலையும் மாலையும் போய்வந்தேன். லீவு முழுவதும் அதிலேயே தீர்ந்துபோயிற்று. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பக்கத்தில் உட்கார வேறு யாரும் இல்லை. ஒரு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இங்கே எல்லாரும் நன்னாத்தான் பாத்துக்கறா. ஆனா என்னை இந்தக் குளிர்ல விட்டுடாதீங்கோ. காவேரில கொண்டுபோய்ச் சேத்துடுங்கோ."

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

செப்டம்பர் இருபதாம் தேதி காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் டாங்கை நிரப்பினேன். அன்று மாலை அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு காருக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. வேலைக்கு பஸ்ஸில் போனேன்.

மலையின் மேலிருந்த சுடுகாட்டிலிருந்து அவள் சாம்பலை ஒரு தகர டப்பாவில் கொடுத்தார்கள். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த செப்புச் சொம்பில் மாற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அவளுடைய நூல் புடவை ஒன்றைச் சுற்றி ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சமையலறைக்கு மாற்றினேன். லீவு இல்லை, குளிர்காலம்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை அதிகம், அதனால் உடனே ஊருக்குப் போக முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் மாலையில் கதவைத் திறந்ததும் அந்த மூலையைப் பார்த்து, "வந்துட்டேன்" என்று சொல்லப் பழகியிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் தீபாவளி வந்தது. துக்க வருடத்தில் பண்டிகை கிடையாது. எண்ணெய்க் குளியல் இல்லை. துக்க வீட்டைக் கூப்பிட்டு கங்கா ஸ்நானம் ஆச்சா என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். அன்று முழுவதும் தொலைபேசி அடிக்கவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

டிசம்பர் கடைசியில் கோவிந்தராஜனின் மனைவி கிரிஜா கூப்பிட்டாள்.

"அண்ணா, நாங்க ஜனவரில ஸ்ரீரங்கம் போறோம். இனிமேலும் அனுசூயாவை வீட்டிலே வச்சுக்கறது சரியில்லை. எங்ககிட்ட குடுத்துடுங்கோ. வந்து எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம். நானே டோர்வல் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவரேன்."

என் காரில், நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

விமானம் மாலை ஆறரைக்கு. லண்டன் வழியாக. அன்று நல்ல வெயில். ஆனால் வானொலியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது என்று சொன்னார்கள். அப்போது இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு. முதல் நாளே கார் இன்ஜினை மின்சார வயரில் மாட்டிச் சூடாக வைத்திருந்தேன். விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனால் ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோவது அனுசூயாவின் வழக்கம். நானும் போட்டேன். சொம்பைப் பக்கத்து ஸீட்டில் வைத்துப் புடவையைச் சரியாகச் சுற்றினேன். மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஒரே திருப்பில் இன்ஜின் கிளம்பிவிட்டது.

நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம் ஓடியிருக்கும். வண்டி ஒரு முறை கமறியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வேகம் கூடவில்லை, குறைந்தது. இன்னொரு முறை கமறியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜினைத்தான் சூடேற்றினேன். டாங்கில் இருந்தது செப்டம்பர் மாதத்து டீசல். அதற்கு யாரும் குளியல் போடவில்லை.

ஓரமாக வண்டி நின்றது. வெளியே இறங்கியபோது மூக்கின் உள்ளே மயிர்கள் உறைந்து குத்தின. முன்மூடியைத் திறந்து ஃபில்டரைத் தொட்டேன். கல் போல இருந்தது. அதன் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நான் தினமும் குனிந்து பார்க்கும் அதே வெண்மை. காரின் உள்ளே சூடு போய்க்கொண்டிருந்தது. ஸீட்டில் அவள் இருந்தாள். மணி மூன்றே கால். கை காட்டினேன். ஐந்தாறு கார்கள் நிற்காமல் போயின.

பனி அள்ளும் லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. காதுவரை தொப்பி போட்ட, தடித்த ஒரு மனிதர் இறங்கி வந்தார். எட்டிப் பார்த்து, "உறைஞ்சு போச்சு, முசியே" என்றார். பிரெஞ்சில்தான் சொன்னார். என் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் இந்த வார்த்தைகள் எனக்குத் தொழில் வார்த்தைகள்.

"கிரசின் கலக்கலையா?"

"இல்லை."

"எந்த நாட்டிலேர்ந்து வந்தீங்க? இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குளிருக்கு முன்னாடியே ஊத்தணும். இப்போ ஊத்தினா வெறும் செலவு." எனக்கே சுற்றறிக்கையை வாசித்தார். நான் தலையாட்டினேன்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"ஒருத்தி சொல்லுவாள்" என்றேன். "இந்த வருஷம் சொல்லவில்லை."

அவர் அதைக் கவனிக்கவில்லை. "சுடுதண்ணி இருந்தா ஃபில்டர் மேலே விடலாம்."

"காபி இருக்கிறது."

"பால், சர்க்கரை போட்டதா?"

"ஆமாம்."

"பரவாயில்லை. இந்த வண்டிக்குச் சர்க்கரை வியாதி வராது." சிரித்துக்கொண்டே கைகளைத் தேய்த்தார். "சூட்டைப் பிடிச்சுவைக்க ஒரு துணி வேணுமே. அந்த ஸீட்ல இருக்கே, அது?"

நான் கதவைத் திறந்தேன். புடவையைப் பிரிக்கக் கை வரவில்லை.

"அது என்ன, பானையா?"

"என் மனைவி" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில், வெறும் தலையோடு நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கே வேண்டாம். அவங்களுக்குக் குளிரும். என் வண்டியில ஹீட்டர் ஓடுது."

புடவையைப் பிரித்துக்கொண்டு சொம்பை அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, லாரியின் ஏணிப் படிகளில் மெதுவாக ஏறி, முன் ஸீட்டில் வைத்து, தன் கம்பளி அங்கியை அதன் மேல் போர்த்திவிட்டு இறங்கி வந்தார். அதற்குப் பிறகு கிண்டல் பண்ணவில்லை.

புடவையை ஃபில்டரைச் சுற்றிக் கட்டினோம். அவர் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. எங்கள் வீட்டுச் சமையலறை வாசனை. டீசலை ஏற்றும் கைப்பம்பை நான் அழுத்திக்கொண்டேயிருந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. ஃபிளாஸ்க் காலியாகும் நேரத்தில் பம்பு கையில் இறுகத் தொடங்கியது. நாலாவது முயற்சியில் இன்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது.

"நிறுத்தாதீங்க. மெதுவாப் போங்க. பின்னாலேயே வரேன்" என்றார். சொம்பைத் திருப்பிக் கேட்க நான் கை நீட்டினேன். "உங்க கார் இன்னும் சூடாகலை. அங்கே வந்து தரேன்."

அப்படித்தான் போனோம். நான் முன்னால், இருபது மைல் வேகத்தில், எந்த நிமிடம் நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு. அனுசூயா பின்னால், மஞ்சள் விளக்கு சுழலும் லாரியில், உயரத்தில் உட்கார்ந்துகொண்டு. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அந்த நாலைந்து மைல் இன்னும் நீண்டிருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

விமான நிலைய வாசலில் சொம்பைக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் அவர் போய்விட்டார். இன்ஜினை ஓடவிட்டே உள்ளே ஓடினேன். மணி நாலரை.

"என்னய்யா, இவ்வளவு நேரமா?" என்றான் கோவிந்தராஜன். "உன் மேலே டீசல் நாத்தம் அடிக்கறது. காபி எங்கே?"

"கார் குடிச்சுடுத்து."

அவன் என்னைப் பார்த்தான். கிரிஜா சொம்பை வாங்கித் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மடியிலேயே வச்சுண்டு போறேன் அண்ணா. கவலைப்படாதீங்கோ."

சரி என்றேன். 'போயிட்டு வா' என்று வாயில் வந்தது. சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கார் நின்றுபோயிருந்தது. இழுவை வண்டி வரும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஸீட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஃபில்டரைச் சுற்றியிருந்த புடவை உறைந்து விறைத்துப்போயிருந்தது. அதை மடிக்க முடியவில்லை.

டோர்வலில் ஒரு கராஜில் ஓர் இரவு காரை விட்டேன். உள்ளே நல்ல சூடு. மறுநாள் போனபோது மெழுகு தானாகவே கரைந்து டீசல் தேன் நிறத்தில் தெளிந்திருந்தது. பழையதை வடித்துக் கொட்டிவிடட்டுமா என்று மெக்கானிக் கேட்டான். வேண்டாம் என்றேன். டின்னை வாங்கி நானே மண்ணெண்ணெய் கலந்தேன். நாலுக்கு ஒன்று.

மூன்று வாரம் கழித்து கோவிந்தராஜனிடமிருந்து நீல நிற விமானத் தபால் வந்தது. "காலை ஆறரைக்குக் காவேரியில் சேர்த்தோம். முழங்கால் ஆழம்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நீ எத்தனை டிகிரி என்று கேட்பாய். தெர்மாமீட்டர் கொண்டுபோகவில்லை, மன்னிக்கவும்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து ரேடியேட்டருக்குப் பக்கத்தில் அதன் பழைய இடத்தில் வைத்தேன். நாலு மாதமாக வெள்ளைக் கட்டியாகவே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிப் போனேன்.

மாலையில் கதவைத் திறந்து, பழக்கத்தில், "வந்துட்டேன்" என்றேன். கோட்டைக் கழற்றாமல் குனிந்து பாட்டிலைப் பார்த்தேன். ஓரமெல்லாம் இளகித் தெளிந்திருந்தது. நடுவில் மட்டும் இன்னும் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது.