ஆற்றுக்குள் குடியிருந்த பத்தொன்பது பேர்

கப்பல் நின்று மூன்று வாரம் ஆகியும் என் உடம்பு நிற்கவில்லை. படுத்தால் கட்டில் மெல்ல இடப்பக்கம் சாயும், பிறகு வலப்பக்கம். முர்ஷித் காபிக்கடையின் மாடியில் எனக்கு ஒரு அறை. சன்னலைத் திறந்தால் இரும்பாலையின் புகைபோக்கி, அதற்கு அந்தப் பக்கம் உறைந்து கிடக்கும் ஆறு. பனி வெளிச்சம் பகல் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். காலையா மதியமா என்று வயிற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரிக் கப்பலில் இரும்புக்கல் ஏற்றி இறக்குகிறவனுக்கு ஜனவரி பாதியிலிருந்து மார்ச் கடைசிவரை வேலை கிடையாது. தண்ணீர் கல்லாகிவிடும். ஒன்பது மாதம் தூங்காததை அந்தப் பத்து வாரத்தில் தூங்குவோம். தென்முனை என்கிற இந்தப் பேட்டையில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம்.

அந்த வருஷம் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை வாஷிங்டனில் ஓட்டெடுப்பு. எங்கள் நாட்டின் மேல் குண்டு போடுகிறவர்களுக்கு எங்கள் நாடு குண்டு விற்கக் கூடாது என்று ஒரு தீர்மானம். இரண்டும் எங்கள் நாடுதான். விற்கிற நாட்டில் எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. விழுகிற நாட்டில் என் மனைவி இருக்கிறாள்.

அர்வா எங்கள் துறைமுக ஊரான ஹுதைதாவில், மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பின்சந்தில் இருந்தாள். துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம். அவளை இங்கே அழைக்க நான் போட்ட மனு ஏழு வருஷமாக ஏதோ ஒரு மேஜையில் கிடந்தது. ஏழு வருஷமும் நாங்கள் போனில்தான் குடும்பம் நடத்தினோம். அவள் குழம்பு தாளிக்கும் சத்தம் எனக்குத் தெரியும். நான் இருமினால் எந்தப் பக்கத்துச் சளி என்று அவள் சொல்லுவாள்.

"அண்ணன் வந்துட்டுப் போனான்," என்றாள் ஞாயிற்றுக்கிழமை. "மஹ்வீத் மலைக்கு வந்துடுங்கறான். இங்க கதவெல்லாம் ஆட்டம் கண்டுடுச்சு."

"மலைல போன் எடுக்குமா?"

"எடுக்காது. கழுதை எடுக்கும், ஆடு எடுக்கும், போன் எடுக்காது."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வியாழக்கிழமை வரைக்கும் இருக்கேன்," என்றாள். "உங்க ஓட்டு ஜெயிச்சா கதவுக்கு ஆசாரியைக் கூப்பிடறேன். தோத்தா லாரியைக் கூப்பிடறேன். அந்தப் பொம்பளைகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்குப் பேச வராது. கடிக்கிற மாதிரி பேசுவீங்க."

அந்தப் பொம்பளை என்றது எங்கள் தொகுதிப் பிரதிநிதி ஹாலோவே அம்மாவை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இன்னும் வாய் திறக்கவில்லை. போன் வரத்தைப் பார்த்து முடிவு செய்வார் என்று சொன்னது முர்ஷித்தின் மகள் பல்கீஸ். அவள் நர்ஸ். மூன்று வருஷமாக வீடு வீடாகப் போய் எங்கள் ஆட்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தவள். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடைக்குள் வந்து மேஜைக்கு மேஜை ஒரு தாள் வைத்தாள்.

"மூணே விஷயம் மாமா. பேரு, பின்கோடு, தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டுப் போடுங்க. அவ்வளவுதான். கதை சொல்லாதீங்க, திட்டாதீங்க. அங்க ஒரு பொண்ணு உக்காந்து கோடு போட்டுக்கிட்டே இருப்பா. ஆதரவுக்கு ஒரு கோடு, எதிர்ப்புக்கு ஒரு கோடு. கண்ணீருக்குக் கோடு கிடையாது."

அன்று கடையில் பத்தொன்பது பேர் இருந்தோம். எல்லாரும் கப்பல்காரர்கள். இஞ்சி போட்ட காபிக்கொட்டைத் தொலி கொதித்துக்கொண்டிருந்தது. சன்னலெல்லாம் ஆவி. முதலில் போன் போட்டது தாபித். முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவன். இயந்திர அறைக்குக் கத்துகிற தொண்டை அவனுக்கு.

"நான் தாபித்! ஆதரவு! ஆதரவு!"

"டேய், அவ காது என்னத்துக்கு ஆகும்," என்றார் முர்ஷித். "நீ கத்தறதுக்கு வாஷிங்டனுக்குப் போனே வேண்டாம். சன்னலைத் திறந்தாப் போதும்."

ஒருவர் பின் ஒருவராகப் பேசினோம். என் முறை வந்தது. அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல், சளி பிடித்த குரல், பேர் கேட்டது. சொன்னேன். பின்கோடு கேட்டது. சொன்னேன். ஆதரவு என்றேன். நன்றி என்றது. அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். கனவில் அர்வா உறைந்த ஆற்றின்மேல் செருப்பில்லாமல் நடந்து வந்தாள். பனி அவள் காலுக்குச் சுடவில்லை, குளிரவும் இல்லை. ஆசாரிக்கு என்ன கூலி என்று கேட்டாள்.

புதன்கிழமை மாலை பல்கீஸ் கடைக்குள் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. ஆஸ்பத்திரி உடுப்போடு வந்திருந்தாள். இரண்டு மேஜையை இழுத்துச் சேர்த்து நடுவில் நின்றாள்.

"எல்லாரும் ஒரு தடவை உங்க பின்கோடைச் சொல்லுங்க."

சொன்னோம். பத்தொன்பது வாயிலும் ஒரே எண்.

"அது யாரோட வீடு?"

அப்போதுதான் உறைத்தது. தாபித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அது வீடு இல்லை. தபால் படகு. ஏரிக் கப்பல்கள் நிற்காமல் ஆற்றைக் கடக்கும்போது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னப் படகு. மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்குவோம், கடிதத்தைப் போட்டு அனுப்புவார்கள். அந்தப் படகுக்கென்று தனியாக ஒரு பின்கோடு உண்டு. சம்பளத் தாள், மருந்து, ஊர்க் கடிதம், அர்வாவின் மனு பற்றிய பதில் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். வருஷத்தில் ஒன்பது மாதம் அதுதான் எங்கள் முகவரி. யாராவது பின்கோடு என்று கேட்டால் நாக்கு யோசிப்பதே இல்லை.

"ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா," என்றாள் பல்கீஸ். "நம்ம பக்கத்துல இருந்து எத்தனைன்னு கேட்டேன். பத்தொன்பது போன் ஆளே இல்லாத ஊர்ல இருந்து வந்துச்சுங்கறா. ஏதோ மெஷின் பேசுதுன்னு நினைச்சு ஓரமா வச்சுட்டாங்களாம். ஒண்ணு மட்டும் ரொம்பக் கத்துச்சாம்."

"மெஷினா நானு?" என்றான் தாபித்.

"மீனு மாமா. ஆத்துக்குள்ள குடியிருந்தா மீனுதான். மீனுக்கு ஓட்டு இல்ல. பட்டியல்ல உங்க எல்லாருக்கும் இந்தத் தெரு அட்ரஸைத்தான் போட்டிருக்கேன். என் கையால எழுதினேன். ஒருத்தர்கூட அதைத் திருப்பிப் பார்க்கலையா?"

யாரும் சிரிக்கவில்லை. தாளில் பின்கோடு என்று வெறுமனே எழுதினேனே, எண்ணையும் சேர்த்து எழுதியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முர்ஷித் அவள் முன்னால் ஒரு கோப்பை வைத்தார். அவள் குடிக்காமல் எங்கள் தெருவின் பின்கோடைச் சுவரில் பெரிதாக எழுதினாள், நிலக்கரித் துண்டால், போன வருஷம் வெள்ளையடித்த சுவரில்.

அன்று அலுவலகம் மூடிவிட்டது. குரல் பதிவுப் பெட்டியும் நிரம்பிவிட்டது. மறுநாள் மூன்று மணிக்கு ஓட்டெடுப்பு.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். நாடு முழுக்கப் போன் போடுகிறது போல. எப்போதும் ஒரே சத்தம், லைன் காலியில்லை. நான் சுவர் எண்ணுக்கு எதிரே உட்கார்ந்து போட்டேன், வைத்தேன், போட்டேன். தாபித்துக்குப் பத்தரைக்குக் கிடைத்தது. குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற குரலில் பேசினான். கடையே அவனைத் திரும்பிப் பார்த்தது.

பதினொன்று தாண்டியபோது எனக்கு மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நான் வைக்கவும் இல்லை. காதில் அது அடித்துக்கொண்டே இருந்தது. ஆவி படிந்த சன்னலில் வெளிச்சம் பால் போல நின்றது. நாற்காலி இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம். கடை கட்டு அவிழ்ந்து ஆற்றுக்குள் நழுவிப் போவது மாதிரி இருந்தது. பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான வாளிகள் கயிற்றில் மேலே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குரல். மேலே யாரோ குனிந்து வாங்கிக்கொள்கிறார்கள், முகம் தெரியவில்லை. என் வாளி பாதியில் ஆடிக்கொண்டு நிற்கிறது. அந்த வாளிக்குள் ஏலக்காரர்கள் கத்துகிறார்கள், ஒரு கதவு கிறீச்சிடுகிறது, கடுகு வெடிக்கிறது. இழு, இழு என்று நான் கத்துகிறேன். வாயிலிருந்து பனிதான் வருகிறது.

"ஹலோ, ஹாலோவே அலுவலகம்."

அதே சளிக் குரல். எனக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை.

"பேரு முக்பில்," என்றேன். சுவரைப் பார்த்து எண்ணைப் படித்தேன். தெருப்பேர் சொன்னேன், காபிக்கடை மாடி என்றேன்.

அவள் தட்டும் சத்தம் கேட்டது. "இருக்கீங்க சார். பட்டியல்ல இருக்கீங்க. சொல்லுங்க."

"தீர்மானத்துக்கு ஆதரவு."

"குறிச்சுக்கிட்டேன். நன்றி சார்."

"வைக்காதம்மா. திங்கக்கிழமை பேசினது மெஷின் இல்ல. நாங்க கப்பல்காரங்க. பத்தொன்பது பேரு. வாய் தப்பாச் சொல்லிடுச்சு."

"அது நீங்களா?"

"நாங்கதான். என் பொண்டாட்டி துறைமுகத்துக்குப் பக்கத்துல இருக்கா. பேரு அர்வா. அதையும் எழுதிக்கோ."

"சார், பேருக்குக் கட்டம் இல்ல. ஆதரவு, எதிர்ப்பு, பின்கோடு. அவ்வளவுதான் என் தாள்ல இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பத்தொன்பது பேரும் திரும்பப் பேசச் சொல்லுங்க. ரெண்டு மணிக்கு இந்தத் தாளை உள்ள கொடுத்துடுவேன். இப்பவே பேசச் சொல்லுங்க. நான் சாப்பிடப் போகல. எடுக்கறேன்."

நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். பன்னிரண்டு பேர் பேச முடிந்தது. மற்றவர்களுக்குக் கடைசிவரை அதே சத்தம்தான்.

மூன்றரைக்குத் தொலைக்காட்சியில் எண்கள் ஓடின. சபையில் ஆட்கள் கல்யாண வீட்டில் நடப்பது போல உலாத்திக்கொண்டிருந்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு. ஹாலோவே அம்மா ஆதரவாகப் போட்டார் என்று பல்கீஸுக்கு ஆஸ்பத்திரியில் செய்தி வந்தது, அவள் அப்பாவுக்குச் சொன்னாள், முர்ஷித் எங்களுக்குச் சொன்னார். தாபித் மேஜையில் ஓங்கி அடித்தான். கோப்பைகள் குதித்தன. அடுத்த பத்தாவது நிமிஷத்தில் ஓட்டெடுப்பு முடிந்தது. தீர்மானம் ஆறு ஓட்டில் தோற்றது.

யாரும் எழுந்து போகவில்லை. முர்ஷித் தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் அணைத்தார். திரையில் அந்த ஆட்கள் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு கதவை நோக்கிப் போனார்கள். நான் மாடிக்குப் போய்ப் பூட்ஸோடு படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அர்வாவே கூப்பிட்டாள். அங்கே மதியத் தொழுகை முடிந்த வெயில் நேரம். காற்று சத்தமாக இருந்தது.

"லாரில இருக்கேன்," என்றாள். "விடியக்காலைலயே ரேடியோல சொல்லிட்டாங்க. பக்கத்துல ஒரு கிழவி, அவ மடில கோழி. கோழி என்னையே பாக்குது."

"எங்க போய்க்கிட்டிருக்கே?"

"மலை ஆரம்பிச்சுடுச்சு. காது அடைக்குது. எத்தனை பேர் குறைச்சல்?"

"ஆறு."

"ஆறு பேரா?" கொஞ்சம் யோசித்தாள். "ஆறே ஆறு பேர்தானா? ஒரு வேன்ல அடங்கிடுவாங்களே. முன்னாடியே சொல்லியிருந்தா மீன் வறுத்துப் போட்டு வழிக்குக் கொண்டு வந்திருப்பேன்."

நான் சிரித்தேன். சிரிப்பு வந்தது எனக்கே ஆச்சரியம்.

"நம்ம பொம்பளை?"

"நம்ம பக்கம் போட்டா. நான் பேசினேன் அர்வா. உன் பேரைச் சொன்னேன்."

"கடிச்சீங்களா?"

"கடிக்கல."

லாரி கியர் மாற்றியது. அவள் என்னவோ சொன்னாள், பாதி காற்றில் போயிற்று. மாவு, அண்ணன், போர்வை என்று உதிரி உதிரியாகக் கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண் சிரித்தாள், அர்வா இல்லை. கோழி கத்தியது. ஒரு வளைவில் அவள் குரல் என் காதுக்குள்ளேயே வந்ததுபோல் தெளிவாக, "இங்க மேகம் ரோட்டுக்குக் கீழ இருக்கு, நீங்க பாக்கணுமே" என்றது. அடுத்த வளைவில் ஒன்றும் இல்லை.

போனில் நிமிஷக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லைன் அறுபடவில்லை, அங்கே ஆள் இல்லை. நான் அவளுக்குச் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பத்தொன்பது பேரும் ஒரே எண்ணைச் சொன்னதை, தாபித் தாலாட்டுக் குரலில் பேசியதை, சாப்பிடப் போகாமல் போன் எடுத்த அந்தச் சளிக்காரப் பெண்ணை, மேஜையில் குதித்த கோப்பைகளை. நிதானமாக, ஒன்றையும் விடாமல், கடிக்காமல் சொன்னேன். கீழே கடை திறக்கும் சத்தம் கேட்டது. ஆறு ஓட்டு என்கிற இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, மேலே சொன்னேன்.