நாற்பது விநாடி

புல் வெட்டும்போது அவள் கால் கணுக்கால் வரை மண்ணுக்குள் போனது. ஆறு வருடமாக அந்த அணைச் சரிவில் குனிந்து நிமிர்ந்தவள் அவள். ஐந்து பெண்களுக்கு மேஸ்திரி. எங்கே மண் இறுகியிருக்கும், எங்கே எலி வளை தோண்டியிருக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். போன மாதம் வரை அந்த அடிவாரத்தில் அரிவாள் பட்டால் தெறிக்கும். இப்போது காலை உருவினால் சேறு சப்புக் கொட்டியது.

மற்றவர்களிடம், "இந்தப் பக்கம் வேணாம், மேல போங்கடி" என்று மட்டும் சொன்னாள்.

ஆற்று வெள்ளத்தை மறித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காகக் கட்டிய அணை அது. கல் இல்லை, சிமெண்டு இல்லை, அத்தனையும் மண். மண் அணை கசியத்தான் செய்யும், அது குற்றமில்லை. கசிகிற தண்ணீரெல்லாம் அடிவாரத்தில் ஒரு குழாய் வழியாக வந்து விழும். அதை அளப்பது அவளுடைய அண்ணன் வேலை. தினமும் காலையில் குழாய்க்கு அடியில் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். முப்பதுக்குக் கீழே வந்தால் கசிவு கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே இன்ஜினியருக்குப் போன் போட வேண்டும், அவர் வந்து ஷட்டரைத் திறந்து தண்ணீரை இறக்குவார்.

முப்பதுக்குக் கீழே வந்ததே இல்லை. மழைக்கு முன்னால் எப்போது கேட்டாலும் நாற்பது, மிஞ்சிப்போனால் நாற்பத்தொன்று. முந்தின நாள் கேட்டபோதும் நாற்பதுதான். பெண்கள் அவருக்கு 'நாப்பது' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அன்றும் மேலே இரும்பு வாளியில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டே ஒருத்தி ஆரம்பித்தாள்.

"நம்ம நாப்பது வீட்ல மணி பாத்தாலும் நாப்பதுதான் சொல்வாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் எப்போதும் சிரிப்பவள்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு நாளாக மழை. அணைக்குள் தண்ணீர் இரண்டு ஆள் உயரம் ஏறியிருக்கிறது. அவ்வளவு தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது கசிவு மட்டும் எப்படி அப்படியே இருக்கும்?

மனிதர் அளக்கிறாரா, இல்லை வீட்டில் உட்கார்ந்துகொண்டே எழுதுகிறாரா?

அந்தச் சந்தேகம் வந்த பிறகு சோறு இறங்கவில்லை. அணைக்குக் கீழே முதல் தெரு அவளுடையது. மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்த புருஷன் எட்டு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறான். தண்ணீர் வந்தால் தெருவே ஓடும். அவன் ஓட முடியாது. இன்ஜினியரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் அண்ணனின் வேலை போகும், குடியிருக்கிற குவார்ட்டர்ஸும் போகும். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது. ஏற்கெனவே அம்மா வீட்டைப் பங்கு போட்டபோது வந்த சண்டையில் மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் அவர்கள். வஞ்சம் தீர்த்துவிட்டாள் என்றுதான் ஊர் பேசும்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எப்போது திரும்புகிறார் என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். அண்ணி மடிப்பதை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன், உங்க அண்ணன் மேல போலீஸ் போட்ருக்கியா?"

உள்ளே இருந்த அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். ரேடியோ சத்தம் சட்டென்று குறைந்தது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. வராததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மடியில் கனம் உள்ளவர்தான் இப்படி உள்ளேயே இருப்பார் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது. அவர் வரமாட்டார் என்று முக்கால்வாசி முடிவு கட்டியிருந்தாள். வந்தார். குடையை இடுக்கிக்கொண்டு, கொட்டகையிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு, குழாய்க்கு முன்னால் முழங்கால் கடுக்கக் குந்தினார். கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாளியை உள்ளே தள்ளினார். அவளும் வாய்க்குள் எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. வாளி வழிந்தது. அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை அளந்தார். அப்போதும் நாற்பது.

மனிதர் பொய் சொல்லவில்லை. அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சத்தம் போடாமல் நழுவிவிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்போதுதான் அவர் கையிலிருந்த வாளியைச் சரியாகப் பார்த்தாள். நீல பிளாஸ்டிக். விளிம்பில் அடுப்பில் பட்டு உருகிய ஒரு வடு.

அது அவள் வீட்டுக் குளியலறை வாளி.

மழை தொடங்கின அன்று பெண்களின் குடம் உடைந்துவிட்டது. சரிவில் தண்ணீர் தூக்கிப்போகக் கொட்டகையில் தொங்கிய இரும்பு வாளியை எடுத்துக்கொண்டவள் அவள்தான். பதிலுக்குத் தன் வாளியைக் கொண்டுவந்து மாட்டினாள். வாளிக்கு வாளி, கணக்கு சரி என்று நினைத்தாள். இரும்பு வாளி பத்து லிட்டர். இது பதினாறு.

"அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே வெளியே வந்தாள். அவர் பதறிப்போய்க் கடிகாரத்தைக் கீழே போட்டார்.

"நெனச்சேன். நேத்து வீட்டுக்கு வந்தப்பவே நெனச்சேன். வேவு பாக்கிறியா?"

"அப்புறம் திட்டுங்க. இந்த வாளி உங்களுக்கு எங்கேந்து வந்துச்சு?"

"கொட்டகையில இருந்துச்சு. பழசு ஓட்டை விழுந்திருக்கும், ஆபீஸ்ல மாத்தியிருக்காங்கன்னு எடுத்தேன். மொதல்ல அறுபதைத் தாண்டுச்சு, அப்புறம் பழைய நாப்பதுக்கே வந்துருச்சு, முப்பதுக்குக் கீழ வரலையேன்னு எழுதிட்டேன். நான் விநாடியைப் பாப்பேனா, வாளியைப் பாப்பேனா?"

அவள் சரிவில் ஏறி ஓடினாள். புதரடியில் கவிழ்த்து வைத்திருந்த இரும்பு வாளியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குந்தி, குழாய்க்கு அடியில் தள்ளினார்.

இருபத்தைந்தில் வழிந்தது.

மறுபடியும் வைத்தார். இருபத்தைந்து.

அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. ஆனால் முதலில் வாயில் வந்தது அணையைப் பற்றிய பேச்சு இல்லை.

"வேணும்னுதானே மாத்தி வச்சே? அந்த வீட்டுப் பங்குக்காக என்னைத் தெருவுல நிறுத்தப் பாக்கிறே."

"என் புருஷன் கட்டில்ல கெடக்கான்ணே. அவனை முழுகடிச்சுத்தானா உங்களைத் தெருவுல நிறுத்தணும்? போனைப் போடுங்க."

போட்டார். இன்ஜினியர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். முந்தின நாள் வரை நாற்பது, இன்றைக்கு இருபத்தைந்தா, கடிகாரத்தை ஒழுங்காகப் பார்த்தீரா, ராத்திரி ஏதாவது போட்டுக்கொண்டீரா என்று கேட்பது வெளியே வரைக்கும் கேட்டது. அண்ணன் இரண்டு தடவை வாளி, வாளி என்று ஆரம்பித்து, அதற்கு மேல் சொல்ல முடியாமல் நின்றார். முப்பது வருடம் எழுதிய நோட்டு. அதில் பதினொரு நாள் தப்பு என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"சார், புல் வெட்டுற மேஸ்திரி பேசுறேன். அளவு வாளியை எடுத்தது நான். பெரிய வாளியை மாட்டினதும் நான். அவர் அளந்தது நெசம், வாளிதான் தப்பு. அடிவாரத்துல கால் வச்சா கணுக்கால் வரைக்கும் போகுது. வந்து உங்க காலை வச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஷட்டரைத் திறக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் கட்டிலில் இருந்து எழுகிற சத்தம் கேட்டது.

அரை மணி நேரத்தில் ஷட்டர் திறந்தது. பெண்கள் நான்கு பேராகச் சேர்ந்து அவள் புருஷனைக் கட்டிலோடு தூக்கி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சுமக்கிறவனாக இருந்தவனைச் சுமக்கிறோமே என்று ஒருத்தி சொல்ல, அவன் அன்று முதன்முதலாகச் சிரித்தான். லாரி லாரியாக மணலும் ஜல்லியும் வந்து அடிவாரத்தில் இறங்கின. முதல் நாள் இருபத்தேழு, அடுத்த நாள் முப்பத்தொன்று. ஐந்தாம் நாள் மறுபடியும் நாற்பது வந்தபோது அண்ணன் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'இரும்பு வாளி' என்று எழுதினார். அவளுக்கு வேலையில் இருந்து பத்து நாள் நிறுத்தம். அவருக்கு மெமோ.

பதினோராம் நாள் அவள் கொட்டகைக்குப் போனபோது இரும்பு வாளி சைக்கிள் சங்கிலியால் தூணில் பூட்டப்பட்டிருந்தது. அண்ணன் வாசலில் நின்றார்.

"இனிமே எவளும் தொட முடியாது."

"சரி. பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்கும்ல?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"ஒண்ணு இங்க குடுங்க. நீங்க அளந்த பின்னாடி நானும் ஒருதடவ அளப்பேன்."

அவர் அரைஞாண் கயிற்றில் கோர்த்திருந்த சாவிகளில் ஒன்றைக் கழற்ற ஆரம்பித்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார்.