வீட்டு விஷயம்

மஃரிப் பாங்கு முடிந்து கால் மணி நேரத்தில், பூட்டிய அலமாரிக்குள் ஜொஹராவின் போன் அடித்தது.

மாலைத் தொழுகையிலிருந்து இரவுச் சாப்பாடு வரை திருமலைராயன்பட்டினத்து வீட்டில் யாரும் போனைத் தொடக் கூடாது. ஷார்ஜாவிலிருந்து அவள் கணவர் ஜவஹர் அலி போட்ட சட்டம் அது. தெரியாத எண்ணிலிருந்து யாராவது என் குரலிலேயே பேசினாலும் நம்பாதே, வீட்டு விஷயம் ஒன்றைக் கேள் என்பது அவருடைய இரண்டாவது சட்டம்.

போன் ஓயவில்லை. ஜொஹரா திறந்து எடுத்தாள். புது எண்.

"நான்தான். என் போன் ரிப்பேர். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் லீவு கிடைச்சிருச்சு, பெருநாளைக்கு வர்றேன். நம்ம ஊரு அக்கவுண்ட்லேர்ந்து டிக்கெட் போடுறேன். உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு."

குரல் அவருடையதுதான். ஓடிபியும் வந்திருந்தது.

"நம்ம மக எந்த வகுப்பு படிக்கிறா?"

"என்னடி விளையாட்டு இது, இந்த நேரத்துல?"

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். சொல்லுங்க."

வண்டிச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"எட்டு."

ஜொஹரா அழைப்பைத் துண்டித்தாள். போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அது மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

பத்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த மகள் சித்திக்கா நிமிர்ந்தாள். போன வாரம்தான் அவள் சீருடையில் எடுத்த படத்தை, வகுப்பும் பிரிவும் எழுதி, இன்ஸ்டாகிராமில் ஊரே பார்க்கும்படி போட்டிருந்தாள்.

"உம்மா, ஏமாத்துறவனா இருந்தா சரியாச் சொல்லியிருப்பான்ல?"