டேங்கின் அடியில் ஒரு டம்ளர்

அந்தப் படகின் டீசல் டேங்கில் ஒவ்வொரு நாளும் விடியும்போது சரியாக ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்திருந்தது. டேங்கை வாய்வரை நிரப்பிவைத்தாலும் சேர்ந்தது, மூடிக்குப் புது வாஷர் போட்டாலும் சேர்ந்தது. மழைக்காலத்தில் ஒரு சொட்டு கூடியதில்லை, வெயில்காலத்தில் ஒரு சொட்டு குறைந்ததுமில்லை. துறைமுகத்து ஆட்கள் டீசல் விற்றவனைத்தான் சந்தேகப்பட்டார்கள். பாவம், அவன் எல்லார் கண்ணெதிரிலும் பத்து கேனை வடிகட்டிக் காட்டிவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான்.

படகு, அதன் எஞ்சினைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கின் அண்ணனுடையது. பெயிண்ட் அடிக்க அதைக் கரையேற்றியபோது, பாரம் குறையட்டும் என்று டேங்கைப் பாதியாக்கினார்கள். எஞ்சின் அறையைக்கூட விடாமல் பெயிண்ட் அடித்தார்கள். பாதி டேங்கில் காற்று நிற்கும், உள்ளே வியர்க்கும், அந்தத் தண்ணீர் டீசலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெக்கானிக்குக்கு இது தெரியாததா என்ன! கடலில் இறக்கும்முன் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து அதை வடித்திருக்க வேண்டும். அன்றைக்கு அவனுக்குச் சோம்பல், அவ்வளவுதான். "பாத்துட்டேன், நீ போ" என்றான் அண்ணனிடம். துறைமுக வாயிலில் அந்தத் தண்ணீர் ஏறி எஞ்சின் இருமி இருமி நின்றது, அலை படகைப் புரட்டியது. படகை இழுத்து வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இனி படகை நானே ஓட்டுகிறேன் என்று அண்ணி கிளம்பினாள். தண்ணீர் சேரத் தொடங்கியதும் அன்றுதான். மெக்கானிக் தினமும் அவள் கிளம்பும்முன் வந்து அதை வடித்தான். ஒருநாள் தவறினால் அண்ணியும் போய்விடுவாள். டேங்கையே மாற்றிப் பார்த்தான். புது டேங்கிலும் மறுநாள் அதே ஒரு டம்ளர். இரண்டு வருடத்தில் இளைத்துத் துரும்பானான். கடைசியில் ஒரு காலையில், வடித்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே உடைந்துபோனான்.

"அண்ணி, அன்னிக்கு நான் இதை எடுக்கவே இல்ல. பாத்துட்டேன்னு அண்ணன்கிட்ட பொய் சொன்னேன்."

அண்ணி கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும். குழாய் மேல அடிச்ச பெயிண்ட் உடையாம அப்படியே இருந்துச்சே."

"தெரிஞ்சுமா என்னை வேலைக்கு வெச்சிருக்கீங்க?"

"இனிமே நீ மறக்க மாட்ட. அந்தத் தைரியத்துலதான் போறேன். நாளைக்கும் எடு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அழுதான். தண்ணீரும் நிற்கவில்லை. அதன்பின் பதினோரு வருடம் அவன் வடித்தான், எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை.

பன்னிரண்டாம் வருடம் காய்ச்சல் அவனைப் படுக்கையில் போட்டது. விடிந்ததும் பதறி எழப் பார்த்தான், கால் நிற்கவில்லை. தலைமாட்டில், மாத்திரை போட்டுவிட்டுக் காலியாக வைத்த டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிறைந்திருந்தது. எடுத்து முகர்ந்தான். டீசல் வாடை. அண்ணிக்குப் போன் செய்தான்.

"பாத்துட்டேன் அண்ணி, நீங்க போங்க."

அண்ணி ஒரு கேள்வியும் கேட்காமல் எஞ்சினைக் கிளப்பினாள். மதியம் மீனோடு வந்து அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். போகும்போது அந்த டம்ளரைக் கொட்டிக் கழுவி, மறுநாளுக்காக அவன் தலைமாட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.