செப்புத்தகட்டில் ஆஸா

கேப்டன் புரூவிட்டின் கப்பல் மாலையில் பால்டிமோரை விட்டு லிஸ்பனுக்குக் கிளம்புகிறது. அதற்குள் கெசியாவுக்குப் புருஷன் ஆஸாவின் படம் ஒன்று வேண்டும். மாலுமியான அவனை ஆங்கிலேயப் போர்க்கப்பல்காரர்கள் தங்கள் கப்பலில் வேலை வாங்க நடுக்கடலில் பிடித்துக்கொண்டுபோய் மூன்று வருஷமாகிறது. பிடித்தவனுக்கு வேறு பெயர் வைத்துவிடுகிற புண்ணியவான்கள் அவர்கள். முகத்தை வைத்துத்தான் தேட வேண்டும்.

கல்யாணமான புதிதில், செதுக்குவேலைக்காரர் லெமேர் அவனுடைய பக்கவாட்டு முகத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி, வழக்கம்போல ஒரு டஜன் படம் அச்சடித்துத் தகட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். துறைமுகத்தை விட்டுப் போகிற கப்பல்களுக்குக் கொடுத்துக் கொடுத்துப் படங்கள் தீர்ந்தன. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிரே தகடு மட்டும்தான் உட்கார்ந்திருந்தது.

அவள் பட்டறைக்குக் கொண்டுவந்த தகட்டில் லெமேர் மை தடவித் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து உருளையில் விட்டு எடுத்தார். காலர் வந்தது, பித்தான்கள் வந்தன. முகம் வரவில்லை.

"தகட்டை என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. தினம் வினிகர் போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னுதானே வச்சிருக்கேன்."

"இதென்ன செம்புக் கெண்டியா தேய்க்கிறதுக்கு? முகத்துக்கு மயிரிழைக் கோடுதான் போட்டிருந்தேன். அத்தனையும் போச்சு."

"அவர் கறுத்துப்போயிடக் கூடாதுன்னுதான்..."

கடலில் பறிகொடுத்தவனைத் தன் கையாலேயே அழித்துவிட்டோமே என்று கெசியா அழுதாள்.

லெமேருக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்க. நீங்க சொல்லச் சொல்ல மறுபடி செதுக்கிடலாம். மூக்கு எப்படி?"

"லேசா வளைஞ்சிருக்கும்."

"தாடை?"

"அகலம்."

"உதடு?"

கண்ணை மூடிப் பார்த்தாள். உதடு ஓரிடத்தில் நிற்கவில்லை.

"வாயை மூடினா எப்படி இருக்கும், அதைச் சொல்லுங்க."

"மூடி நான் எங்க பார்த்தேன்? தூக்கத்துலகூடப் பேசுவாரே."

"அது சரி. இங்க உட்கார்ந்தப்பவும் திட்டித் திட்டித்தான் வாயை மூடவச்சேன். பேசுற வாயைச் செதுக்க எனக்குத் தெரியாதும்மா. பொதுவா ஒரு வாய் போட்டுடவா?"

"வேண்டாங்க. யாரோ ஒருத்தர் வாய் அவருக்கு எதுக்கு?"

அந்தப் பேச்சை ஒரு தடவை கேட்க முடிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. முன்பெல்லாம், கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று எரிந்துவிழுந்திருக்கிறாள்.

மாலையில் துறைமுகத்தில் கப்பலின் பாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். புரூவிட் கையை நீட்டினார். "படம் எங்கம்மா?"

"படம் இல்லைங்க, கேப்டன். எந்தக் கப்பல்லயாவது ஒருத்தர் ஓயாம பேசிக்கிட்டிருந்தா, பக்கத்துல போய் கெசியான்னு மட்டும் சொல்லிப்பாருங்க. பேச்சு நின்னுபோச்சுன்னா, அவர்தான்."